வாலைத் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் சுகர் கிளைடர்: உடனே செய்ய வேண்டியது என்ன?

கேள்வி: வளவுக்காரி, காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஏறத்தாழ ஒன்றரை வயதுள்ள ஆண் சுகர் கிளைடர் (மரத்துக்கு மரம் சறுக்கித் தாவும், பையில் குட்டி வளர்க்கும் இனத்தைச் சேர்ந்த சிறு விலங்கு) ஒன்று வளர்கிறது. சென்னையில் படிக்கும் மகன் சோடியாக வாங்கிவந்து எங்களிடம் விட்டுச் சென்றான். பெண் கிளைடர் கார்த்திகை மாதத்தில் இறந்துவிட்டதால், அன்றிலிருந்து இது தனியாகத்தான் இருக்கிறது. ஆண்மை நீக்க அறுவை எதுவும் செய்யப்படவில்லை. எடை 105 கிராம்.

சென்ற வாரம் வீட்டில் கல்யாணம் நடந்ததால் முகப்பு முதல் நாலாங்கட்டு வரை உறவினர்கள் தங்கியிருந்தார்கள். மாடி அறையை விருந்தினருக்கு ஒதுக்க வேண்டியிருந்ததால், கூண்டை இரண்டாங்கட்டில் சமையற்கூடத்தை ஒட்டிய தாழ்வாரத்துக்கு மாற்றினோம். அந்தக் கூட்டத்தில் பிள்ளைகள் யாரோ கூண்டுக் கதவைப் படாரென்று சாத்தியதில் அதன் வால்நுனி நசுங்கிவிட்டது. அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் காயத்தைத் துடைத்து, ஒட்டும் நாடாவால் கட்டுப் போட்டு, ஆடுமாடுகளுக்கும் நாய்களுக்கும் மருத்துவம் பார்த்த பழக்கமே தங்களுக்கு உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு இரவுகள் அமைதியாக இருந்தது. அதன் பிறகு போட்டிருந்த கட்டினைப் பல்லால் கிழித்தெறிந்துவிட்டு, காயம் பட்ட இடத்தை மட்டுமன்றி அதற்கு மேலே நன்றாக இருந்த பகுதியையும் கடிக்கத் தொடங்கிவிட்டது. இன்று அதிகாலையில் பார்த்தபோது தூங்கும் பையின் உட்புறம் இரத்தமும் உதிர்ந்த ரோமமுமாக இருந்தது. வாலின் கடைசி ஓரங்குல நீளம் கறுத்துப்போய், அதற்கு மேலே சதை தெரிகிறது. தொடப் போனால் கர்கர் என்று சத்தமிடுகிறது. வலியா கோபமா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசச் சொல்கிறார் அப்பத்தா. புண்ணை வாய் எட்டாதபடி கழுத்தில் கூம்பு மாட்டச் சொல்கிறான் மகன். வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கிய பாராசிட்டமால் சொட்டு மருந்து இருக்கிறது. அதில் ஒரு துளி கொடுக்கலாமா? உடனே ஒரு துணை வாங்கிவிட்டால் இந்தக் கடி நிற்குமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் உதவியாக இருக்கும்.


பதில்: கூடல்வாசி, மதுரை

சகோதரி, முதலில் அந்தச் சொட்டு மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மஞ்சளும் வேண்டாம், அது கிருமியைத் தடுக்குமா தடுக்காதா என்பதன்று என் கவலை. பூசிய எதையும் இந்த விலங்கு நக்கியே தீரும், நக்கத் தொடங்கினால் அடுத்ததாகக் கடிக்கும். களிம்புகளுக்கும் இதே விதிதான். குறிப்பாக, தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பு உள்ளே போனால் ஆபத்து.

நிலைமையின் அவசரத்தை ஒரு கணக்கில் சொல்கிறேன். நூறு கிராம் எடையுள்ள கிளைடரின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏழு அல்லது எட்டு மில்லிலிட்டர்தான், அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி. பைக்குள் நீங்கள் பார்த்த கறை ஒரு மில்லியே என்றாலும், நம் அளவில் அது அரை லிட்டருக்கு மேல் இரத்தம் போனதற்குச் சமம். எனவே இரத்தம் இன்னும் கசிந்தால் சுத்தமான காஸ் துணியால் ஐந்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். நூலாலோ ரப்பர் வளையத்தாலோ இறுக்கிக் கட்டிவிடாதீர்கள். காயத்தை நார்மல் சலைன் என்னும் மருத்துவ உப்புநீரால் மட்டும் கழுவினால் போதும்.

கூம்பைப் பற்றி உங்கள் மகன் சொல்வது சரி. கடையில் நாய்க்கு விற்பது உதவாது. பழைய எக்ஸ்ரே தகட்டில் வட்டமாக வெட்டி, நடுவில் கழுத்து அளவுக்குத் துளையிட்டு, அந்த விளிம்பு முழுவதும் மென்மையான துணியைத் தைத்து நானே செய்திருக்கிறேன். கழுத்துக்கும் கூம்புக்கும் இடையில் பல்குத்தும் குச்சி ஒன்று தாராளமாக நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் முன்கையை உள்ளே விட்டுக்கொண்டு மாட்டிக்கொள்ளும். கிளைடரின் உடம்பு வில்லாக வளையக்கூடியது என்பதால், வால் வரை எட்டாதபடி கூம்பு சற்று நீளமாகவே இருக்க வேண்டும். மாட்டிய முதல் ஒரு மணி நேரம் பின்பக்கமாகவே நடக்கும், உருளும், கத்தும். அதைப் பார்த்து மனமிரங்கிக் கழற்றியவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

கூம்பு மாட்டிய விலங்கைப் பெரிய கூண்டில் விடக் கூடாது. சக்கரம், கயிறு, கிளை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பூனையைத் தூக்கிச் செல்லும் பெட்டி போன்ற சிறிய, உயரமில்லாத இடத்தில், நூல் பிரியாத பிளீஸ் துணியை விரித்து வையுங்கள். குளியல் துண்டின் நூல் வளையங்களில் நகம் சிக்கும். உணவுக் கிண்ணத்தின் குறுக்களவு கூம்பைவிடச் சிறியதாகவும், இரண்டு விரல் உயரத்தில் தூக்கி வைத்ததாகவும் இருந்தால்தான் வாய் உணவை எட்டும். எட்டவில்லையென்றால் ஒரு மில்லி சிரிஞ்சில், ஊசியில்லாமல், வாயின் பக்கவாட்டில் துளித் துளியாகக் கொடுங்கள்.

இவையெல்லாம் மருத்துவரிடம் போய்ச் சேரும் வரைக்குமானவை. நாளைக் காலை கட்டாயம் கிளம்பிவிடுங்கள்.


பதில்: கால்நடை மருத்துவர், புதுக்கோட்டை மாவட்டம்

மேலே மதுரை நண்பர் எழுதியதில் பெரும்பாலானவை சரியானவை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வலிக்கு மருந்தில்லாமல் கூம்பை மட்டும் மாட்டுவது இந்த விலங்கைப் பொறுத்தவரை பாதி மருத்துவம்கூட ஆகாது. வலிக்கிற இடத்தைத் தன் உடம்பின் பகுதியாகவே கருதாமல், தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேறொன்றாக எண்ணிக் கடித்தெறியப் பார்ப்பதைப் போலத்தான் இதன் நடத்தை இருக்கும். வலி தொடரும்வரை கடியும் தொடரும். கூம்பு வழியை அடைத்தால் அது கையையோ காலையோ தேடும்.

வலிநிவாரணியாக மெலாக்சிகாம் பரவலாகப் பயன்படுகிறது. கடுமையான வலிக்குப் பியூப்ரினார்ஃபின் சேர்ப்பதுண்டு. நரம்பு சார்ந்த எரிச்சல் இருப்பதாகத் தோன்றினால் கேபாபென்டினும் தருவார்கள். இவற்றை நீங்களே வாங்கிக் கொடுக்கலாம் என்பதற்காக இந்தப் பெயர்களை எழுதவில்லை. பார்க்கப் போகும் மருத்துவரிடம் தெளிவாகக் கேட்பதற்காக எழுதுகிறேன். மெலாக்சிகாம் ஒரு கிலோ எடைக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. நூறு கிராம் விலங்குக்கு அது அதிகபட்சம் 0.02 மில்லிகிராம். மனிதர்களுக்கான 7.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, அதற்குத் தேவையானதைப் போல் முந்நூறு மடங்குக்கும் மேல். மாத்திரையை உடைத்துக் குத்துமதிப்பாகக் கொடுத்துச் சிறுநீரகம் பாழான விலங்குகளைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதில் எனக்குக் கவலை தருவது அந்தக் கறுத்த ஓரங்குலம். வாலைச் சுற்றி ஒட்டும் நாடா இறுகினால் நுனிக்கு இரத்த ஓட்டம் நின்று சதை அழுகும். கதவில் நசுங்கியதாலும் அவ்வாறு ஆகலாம். காரணம் எதுவாயினும், கறுத்துக் குளிர்ந்துபோன பகுதிக்கு இனி உயிர் வராது. அதற்குச் சற்று மேலே, உயிருள்ள இடத்தில் வெட்டித் தைப்பதே சரியான வழி. ஐசோஃப்ளூரேன் வாயு மயக்கத்தில் இதைச் செய்தால் விலங்கு சில நிமிடங்களில் விழித்துக்கொள்ளும். வெளியே தெரியும்படி தையல் போட்டால் அன்றிரவே அதைப் பிரித்துவிடும். எனவே தோலுக்கு அடியில் மறைந்த தையலும் மேலே திசுப் பசையும் போடச் சொல்லுங்கள். விழித்தெழும் நேரம்தான் கடிக்கு மிகவும் ஏதுவான நேரம் என்பதால், மயக்கம் தெளிவதற்கு முன்பே கூம்பும் வலி மருந்தும் உடம்பில் இருந்தாக வேண்டும்.

இன்னொரு சோதனையும் தேவை. ஒரு வயதைத் தாண்டிய, ஆண்மை நீக்கம் செய்யப்படாத ஆண், அதுவும் தனியாக இருப்பது என்றால், வாலை மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது. விதைப்பை, ஆண்குறி, எச்சத்துவாரத்தின் இருபுறமுள்ள சுரப்பிகள் ஆகியவற்றில் அடைப்போ வீக்கமோ உள்ளதா, சிறுநீரில் தொற்று உள்ளதா என்று பார்க்க வேண்டும். வாலின் அடிப்பகுதியைக் கடிப்பதாகத் தோன்றுகிற விலங்கு உண்மையில் அந்தச் சுரப்பியின் வலியைத் துரத்திக்கொண்டிருப்பதுண்டு. ஒரே மயக்கத்தில் ஆண்மை நீக்கமும் செய்துவிடலாமா என்பதை, அது எவ்வளவு இரத்தம் இழந்திருக்கிறது என்று பார்த்தபின் மருத்துவர் முடிவு செய்யட்டும். நானாக இருந்தால் வாலை முதலில் ஆறவிடுவேன்.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் புதுக்கோட்டை வழியாகப் போய்விடலாம். மதுரையிலோ திருச்சியிலோ அயல்நாட்டுச் செல்ல விலங்குகளைப் பார்ப்பவர்களும் இருக்கக்கூடும். எங்கே போவதானாலும் கிளம்புமுன் தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நூறு கிராம் எடையுள்ள விலங்கைக் கையாண்ட பழக்கம் உண்டா, வாயு மயக்க வசதி உண்டா? இரண்டாவதற்கு இல்லை என்று பதில் வந்தால் வேறிடம் பாருங்கள்.


பதில்: செட்டிநாட்டான், கானாடுகாத்தான்

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். மருத்துவர் உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளின் அமைப்பு எனக்கும் தெரியும்.

இந்த விலங்கு ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் மரப்பொந்துகளில் கூட்டமாக வாழ்வது. ஒரே பொந்தில் ஏழு பெரியவைகளும் அவற்றின் குட்டிகளுமாகப் பின்னிக்கொண்டு தூங்கும். பகலில் இருட்டும் அமைதியும், இரவில் நடமாட இடமும், பழகிய வாடையும் அதற்கு வேண்டும். கல்யாண வீட்டின் இரண்டாங்கட்டில் இவற்றில் ஒன்றுமே கிடைத்திருக்காது. பகலெல்லாம் வெளிச்சம், விறகடுப்புப் புகை, தாளிப்பு நெடி, நாதசுரம், பிள்ளைகளின் கூச்சல். சோடியை இழந்து சில மாதங்களே ஆன உயிருக்கு வாலில் அடிபடுவதற்கு முன்பே பாதி நிம்மதி போயிருக்கும். இரவில் நாய்க்குட்டி குரைப்பது போல் விட்டுவிட்டுக் குரல் கொடுத்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். தனித்திருக்கும் கிளைடர் அப்படித் துணையை அழைப்பதுண்டு.

வெயிலையும் மறந்துவிடாதீர்கள். 24 முதல் 27 டிகிரி வரை அதற்கு இதமானது. 32 டிகிரியைத் தாண்டினால் திணறும். பங்குனி, சித்திரையில் நமக்கு 40 டிகிரியை நெருங்கும். கனத்த சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் உள்ள கீழறை, மாடியைவிட எவ்வளவோ மேல். ஓட்டுக்கு அடியிலுள்ள மாடி அறையைக் கோடையில் கைவிடுங்கள். குளிர்சாதனக் காற்று நேராகப் படுவதும் கூடாது. அடிபட்ட கிளைடர் தொடுவதற்குக் குளிர்ந்து, அசைவில்லாமல் கிடந்தால், குளிரில் அது மேற்கொள்ளும் இயல்பான உறக்க நிலை என்று எண்ணிவிட வேண்டாம். இரத்த இழப்பின் அதிர்ச்சியாக இருக்கலாம். துணியில் சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

துணை விஷயத்தில் நான் தாமதிக்கச் சொல்ல மாட்டேன். என்னிடம் சாதுவான ஒரு பெண் கிளைடர் இருக்கிறது. நாளையே கொண்டுவந்து தருகிறேன். தனிமைதான் மூலகாரணம் என்றால் அதை ஏன் தள்ளிப்போட வேண்டும்?


பதில்: கால்நடை மருத்துவர், புதுக்கோட்டை மாவட்டம்

கானாடுகாத்தான் நண்பரின் நல்ல மனத்தைப் பாராட்டுகிறேன். ஆனாலும் இந்த யோசனையை ஏற்பதற்கில்லை. திறந்த புண்ணோடும் கூம்போடும் இருக்கும் ஆணிடம் புதியதொரு கிளைடரை விட்டால், பழகாத வாடைக்கு அது சண்டையிடும். கூம்பு மாட்டியதால் தன்னைக் காத்துக்கொள்ளவும் அதனால் முடியாது. சண்டையில்லாமல் போனாலும், துணை அந்தப் புண்ணை நக்கும். நக்குவது நாம் தடுக்க முயல்கிற அதே செயல்தான். புதிதாக வரும் விலங்கை ஒரு மாதமாவது தனியறையில் வைத்து எச்சச் சோதனை செய்த பிறகே அருகில் கொண்டுவர வேண்டும் என்பதை நலமான விலங்குகளுக்கே சொல்கிறோம். தவிர, ஆண்மை நீக்கம் செய்யாத ஆணோடு பெண்ணைச் சேர்த்தால் சில வாரங்களில் பையில் குட்டிகள் இருக்கும். அதற்கான ஏற்பாடு அந்த வீட்டில் இப்போது இருப்பதாகத் தெரியவில்லை.

அதுவரை இறந்துபோன சோடி தூங்கிய துணி எதுவும் துவைக்காமல் மிச்சமிருந்தால் அதைப் பக்கத்தில் வைக்கலாம்; வீட்டில் ஒருவர் மாலை நேரங்களில் தம் உடம்போடு ஒட்டிய துணிப்பையில் கிளைடரைச் சுமந்து நடக்கலாம். மனிதர் துணை கிளைடரின் துணைக்கு ஈடாகாது என்றாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.


பதில்: செட்டிநாட்டான், கானாடுகாத்தான்

ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தனிமையில் விட்டு ஆற்றுவது எளிதன்று என்ற என் கருத்தில் மட்டும் மாற்றமில்லை. ஆச்சி, எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு எச்சச் சோதனையை இப்போதே செய்து வைக்கிறேன். உங்களுக்கு எப்போது தேவையோ அப்போது சொல்லுங்கள்.


பதில்: வளவுக்காரி, காரைக்குடி

விரைந்து எழுதிய அனைவருக்கும் நன்றி. கூம்பு மாட்டி, பெட்டியில் வைத்து அன்றிரவு முழுவதும் நானும் என் தங்கையும் மாறி மாறி விழித்திருந்தோம். மறுநாள் தொலைபேசியில் விசாரித்து, வாயு மயக்க வசதி உள்ள ஓரிடத்துக்குக் கொண்டு சென்றோம். மருத்துவர் சொன்னது இந்தத் திரியில் எழுதப்பட்டதை ஒட்டியே இருந்தது. எக்ஸ்ரேயில் வாலின் எலும்பு இரண்டு இடங்களில் நொறுங்கியிருந்தது தெரிந்தது. நாங்கள் வெளியே பார்த்த கறுப்பைவிட மேலேயே சேதம் இருந்ததால் வாலில் மூன்றில் ஒரு பங்கை நீக்கிவிட்டார்கள். சுரப்பிகளில் குறையில்லை, சிறுநீரிலும் தொற்றில்லை. மெலாக்சிகாமை நீர்த்துக் கலந்து, சிரிஞ்சில் கோடு போட்டே கொடுத்தனுப்பினார்கள், கேபாபென்டினும் உண்டு. ஆண்மை நீக்கத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

இப்போது கீழறையில், சன்னலுக்குத் துணி கட்டி வைத்திருக்கிறோம். நகை நிறுக்கும் சிறு தராசில் தினமும் மாலை எடை பார்க்கிறேன். 97 வரை இறங்கி, இன்று 99. அவித்த முட்டை, பப்பாளி, தேன் கலந்த நீர் ஆகியவற்றைச் சிரிஞ்சில் எடுத்துக்கொள்கிறது. புழுவை மட்டும் தானே கையால் பிடித்துத் தின்கிறது. மருந்து கொடுத்த சில மணி நேரம் நிம்மதியாகத் தூங்குகிறது. அடுத்த வேளை நெருங்கும்போது கூம்பின் விளிம்பைக் கடிக்கத் தொடங்குகிறது.

இரண்டு ஐயங்கள் மிச்சமிருக்கின்றன. கூம்பை எப்போது, எப்படிக் கழற்றுவது? வால் குறைந்துவிட்டதால் இனி அது தாவுமா?


பதில்: கால்நடை மருத்துவர், புதுக்கோட்டை மாவட்டம்

அடுத்த வேளைக்கு முன்பே கூம்பைக் கடிக்கிறது என்றால் மருந்தின் பலன் இடைவெளிக்குப் போதவில்லை என்று பொருள். வேளையை நெருக்குவதா, வேறு மருந்து சேர்ப்பதா என்று அறுவை செய்தவரிடம் இன்றே பேசுங்கள். நீங்களாக அளவைக் கூட்ட வேண்டாம். எடை 95-க்குக் கீழே இறங்கினாலும் நேரில் காட்ட வேண்டும்.

தையலிட்ட தோல் முழுவதும் மூடி, சிவப்பும் வீக்கமும் அடங்கிய பிறகே கூம்பைக் கழற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டு வாரமாவது ஆகும். முதல்முறை கழற்றும்போது நல்ல வெளிச்சத்தில், உங்கள் மடியில், மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துக் கால் மணி நேரம் மட்டும் விடுங்கள். பின்னங்காலில் ஒட்டியிருக்கும் இரண்டு விரல்களைச் சீப்பாக வைத்துத்தான் கிளைடர் ரோமம் கோதும். இத்தனை நாள் அது முடியாமற்போனதால் முதலில் வெறிகொண்டதைப் போல் சொறிந்துகொள்ளும். முகம், கழுத்து, வயிறு என்று அந்தக் கோதுதல் பரவினால் இயல்பானது. வாலுக்கு நேராகப் போய், அங்கேயே நிலைத்து, பல் படும் சத்தம் கேட்டால் உடனே மாட்டிவிடுங்கள். யாரும் பார்க்காத இரவில் கூம்பில்லாமல் விடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். வலி மருந்தையும் கூம்பையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். முதலில் கூம்பு போகட்டும், மருந்து சில நாள் கழித்துப் படிப்படியாகக் குறையட்டும்.


பதில்: கூடல்வாசி, மதுரை

தாவுவதைப் பற்றி நான் சொல்கிறேன். வால் குட்டையான கிளைடர் ஒன்று என்னிடம் வளர்ந்தது. தாவும்போது உடம்பைத் தாங்குவது மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் இடையே விரியும் தோல்தான். வால் திசை திருப்பவும் நிலைகொள்ளவும் உதவுவது. மூன்றில் ஒரு பங்கு போனாலும் மிச்சமுள்ளதைக் கொண்டு பழகிக்கொள்ளும். தொடக்கத்தில் இறங்கும் இடத்தைத் தவறவிட்டு விழும் என்பதால், பெரிய கூண்டுக்கு மாற்றும்போது கிளைகளை அடிப்பக்கத்தில், ஒன்றுக்கொன்று ஒரு முழத்துக்குள் இருக்குமாறு கட்டி, கீழே தடித்த துணி விரித்து வையுங்கள். அது தடுமாறாமல் ஏறி இறங்குவதைப் பார்த்துக் கிளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தலாம். அந்தப் பழைய கூண்டின் கதவுக்கு மட்டும், சாத்தும்போது கம்பியோடு கம்பி மோதாதபடி, விளிம்பு நெடுக ரப்பர் பட்டை ஒட்டிவிடுங்கள், பூட்டும் போட்டுவிடுங்கள்.